சொவாவே ஒயினை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேராக ஊற்றாதீர்கள்

இத்தாலியின் வெரோனாவில் குடியேறிய புதிதில் ஒரு பாட்டில் சொவாவே வெள்ளை ஒயின் வாங்கி, இரவெல்லாம் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஊற்றிக் குடித்தேன். எலுமிச்சைத் தோலைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். தப்பு என்னுடையது என்று தெரிய அரை மணி நேரம் ஆனது.

1. லேபிள். சொவாவே என்பது வெரோனாவுக்குக் கிழக்கே, கோட்டைச் சுவருக்குள் இருக்கும் சிற்றூர். அங்கே விளையும் கார்கனேகா திராட்சைதான் இந்த ஒயினில் குறைந்தது 70 சதவீதம் இருக்கும். லேபிளில் ‘கிளாசிக்கோ’ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். சொவாவே, மோன்டெஃபோர்ட்டே த’அல்போனே ஊர்களை ஒட்டிய பழைய குன்றுகளில் விளைந்தது என்று அர்த்தம். எரிமலைக் கருங்கல் மண்ணும் சுண்ணாம்பு மண்ணும் கலந்த இடம். வெறும் ‘சொவாவே’ என்றால் சமவெளித் திராட்சையாகவும் இருக்கலாம். மரப்பீப்பாய் வாசம் ஏறியது எனக்குப் பிடிக்காது. அதனால் பீப்பாயில் வைக்காததையே கேட்டு வாங்குவேன்.

2. குளிர்ச்சி. நான் சறுக்கியது இங்கேதான். ஃபிரிட்ஜுக்குள் 4 டிகிரி இருக்கும். சொவாவேக்கு 8 முதல் 10 டிகிரி போதும். அதிகம் குளிர்ந்தால் மணம் எழும்பாது, புளிப்பு மட்டும் நாக்கில் நிற்கும். அன்று கோபத்தில் கிளாஸை மேசையில் விட்டுவிட்டுச் சமைக்கப் போனேன். திரும்பி வந்தபோது கிளாஸ் மேல் படிந்திருந்த பனிப்படலம் மறைந்திருந்தது. அப்போதுதான் வெள்ளைப் பூ வாசம், பேரிக்காய், விழுங்கிய பிறகு பாதாம் தோலின் லேசான கசப்பு எல்லாம் வந்தன. அந்தக் கசப்புதான் கார்கனேகாவின் அடையாளம்.

அதனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியே வையுங்கள். பாட்டில் குளிரவே இல்லையென்றால் வாளியில் ஐஸ் போட்டு, கூடவே தண்ணீரும் ஊற்றுங்கள். வெறும் ஐஸ் என்றால் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும், சீக்கிரம் குளிராது. ஒரு கைப்பிடி உப்பும் போட்டால் இன்னும் வேகம். தெர்மாமீட்டரெல்லாம் வேண்டாம்.

3. திறப்பது. இரண்டு கை தூக்கி நிற்கும் கார்க் திருகியைத் தூரப் போடுங்கள், கார்க்கைத் துளைத்துத் தூளாக்கிவிடும். ஹோட்டல் சிப்பந்திகள் வைத்திருக்கும் மடக்குத் திருகியே போதும்.

4. கூடச் சாப்பிட. என் முதல் தேர்வு ரிசி எ பிசி, அதாவது வெனிஸ் பக்கத்துப் பட்டாணிச் சோறு. ஏப்ரல் 25, புனித மார்க் நாளில் வெனிஸ் அதிபருக்கே பரிமாறிய பதார்த்தம். பட்டாணித் தோலை வீசாதீர்கள், வேகவைத்து அரைத்து வடிகட்டினால் அதுதான் சாறு. வெண்ணெயில் வெங்காயம், கொஞ்சம் பன்செட்டா (உப்பில் பதப்படுத்திய பன்றி இறைச்சி), பட்டாணி, அப்புறம் வியலோனே நானோ அரிசி. சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, கஞ்சிக்கும் சோற்றுக்கும் நடுவே இருக்கும்போதே இறக்கிப் பார்மசான் பாலாடைக்கட்டியைத் துருவித் தூவுங்கள். பட்டாணியின் தித்திப்புக்கு அந்தப் பாதாம் கசப்பு அவ்வளவு பொருத்தம்.

கார்தா ஏரி மீன், மோன்டே வெரோனேசே பாலாடைக்கட்டி, வசந்தத்தில் வரும் வெள்ளை அஸ்பாரகஸ் எல்லாமே சரிப்படும். தக்காளியில் ஊறிய காரசாரமான சாஸ் வேண்டாம், ஒயின் காணாமல் போய்விடும்.

பின்சேர்க்கை: ரிசோட்டோவுக்கென்று (இத்தாலியக் குழைசோறு) ‘ரெச்சோட்டோ தி சொவாவே’ வாங்கி, “பாயசம் மாதிரி இனிக்கிறதே?” என்று ஒருவர் கேட்டிருந்தார். பெயர் குழப்பியிருக்கிறது. அது அதே கார்கனேகாவை மாதக்கணக்கில் உலர்த்திப் பிழிகிற இனிப்பு ஒயின். கொட்டிவிடாதீர்கள், மூடி வையுங்கள். கிறிஸ்துமஸுக்கு வெரோனாக்காரர்கள் அதைப் பண்டோரோ கேக்கோடுதான் குடிப்பார்கள்.