வேலையை அதன் மோசமான மாதத்தில் போய்ப் பாருங்கள்

திருநெல்வேலிப் பக்கம் ஒருவனுக்கு வேலை கிடைத்தால் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "மாசம் எவ்வளவுடே?" அடுத்தது, "கவர்மெண்டா, பிரைவேட்டா?" இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் அந்த வேலையில் அவன் நிம்மதியாக இருப்பானா என்று இவை சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள, அங்கே ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். பார்க்கும் முறையைத்தான் இங்கே சொல்கிறோம்.

வேலையில் இருப்பவர்களுக்கு: ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். பன்னிரண்டு வேலை நாள் எழுதுங்கள். காலை டீ நேரத்தில் ஒரு வரி, சாயங்கால டீ நேரத்தில் ஒரு வரி. அதுவரை என்ன செய்தேன், நேரம் போனதே தெரியாமல் போனதா, இப்போது அலுப்பு உடம்பிலா மனசிலா. பிடித்திருந்தால் பக்கத்தில் கூட்டல் குறி, இல்லையென்றால் கழித்தல். ராத்திரி வீட்டுக்கு வந்து மொத்தமாக எழுதினால் கணக்கு கெட்டுவிடும். களைப்பில் எல்லாமே கழித்தலாக விழும். சம்பள வாரம், ஸ்டாக் எடுக்கும் வாரம், கோயில் கொடை வாரம் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

முடிந்ததும் கழித்தல்களை மூன்றாகப் பிரியுங்கள்: வேலையே பிடிக்காதது, ஆள் பிடிக்காதது, நேரமும் தூரமும். அதிகம் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். மேலாளர் ஒருவரோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காகத் தொழிலையே விட்டுவிட்டு, புதிய தொழிலில் அதே மாதிரி இன்னொருவரிடம் போய் மாட்டுகிறார்கள். கழித்தல் ஆள் மேல் விழுந்திருந்தால் பிரிவையோ கடையையோ மாற்றினால் போதும். தூரத்தின் மேல் விழுந்திருந்தால் முதலில் வீட்டை மாற்றிப் பாருங்கள். தென்காசியிலிருந்து தினமும் நெல்லைக்கு பஸ்ஸில் வந்து போகிறவருக்கு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் சாலையிலேயே கரைகிறது. அந்த எரிச்சலை வேலையின் தலையில் கட்டுவது சுலபம். வேலையின் மேலேயே பாதிக்கு மேல் கழித்தல் இருந்தால்தான் தொழிலை மாற்றும் பேச்சு.

புது வேலையை எடைபோடுவது

எந்த வேலைக்கும் மோசமான மாதம் என்று ஒன்று உண்டு. வேலையை அந்த மாதத்தில் போய்ப் பாருங்கள். நல்ல மாதத்தில் எல்லா வேலையும் நன்றாகத்தான் தெரியும்.

ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலைக்குப் பலர் ஆசைப்படுகிறார்கள். சம்பளம் பரவாயில்லை, ஊரிலேயே இருக்கலாம். மார்ச்சில் போய்ப் பார்த்தால் சீசனுக்கு முந்தைய சர்வீஸ் வேலை நிதானமாக நடக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பலமாக வீசும். அப்போது மிஷின் ஒரு மணி நேரம் நின்றாலும் உற்பத்தி நஷ்டம். அழைப்பு எந்நேரமும் வரும். காற்று அளவுக்கு மிஞ்சினால் மேலே ஏற அனுமதி கிடையாது, தணியும்வரை அடியிலேயே காத்துக் கிடக்க வேண்டும். எண்பது மீட்டர் கோபுரத்தில் ஏறி இறங்குவதை ஆடி மாதத்தில் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லையென்றால் அந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும்.

மற்றவையும் இப்படித்தான். ஜவுளிக்கடையைத் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில், குற்றாலம் லாட்ஜை ஜூலை ஞாயிற்றுக்கிழமையில், ஆடிட்டர் அலுவலகத்தைக் கணக்குத் தாக்கல் கெடு நெருங்கும் வாரத்தில் பாருங்கள். தனியார் பள்ளி ஆசிரியர் வேலை என்றால் மே மாதம். பல பள்ளிகளில் அட்மிஷனுக்கு வீடு வீடாகப் போவதும் ஆசிரியர் வேலைதான். நேர்காணலில் அதைச் சொல்ல மாட்டார்கள்.

போனதும் "வேலை எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "ஏதோ ஓடுது" என்றுதான் பதில் வரும். "அண்ணாச்சி, நேத்து காலையில வந்ததுல இருந்து என்னென்ன சோலி பாத்தீங்க?" என்று கேளுங்கள். மணிவாரியாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அடுத்து, "உங்களுக்கு முன்னாடி இந்த இடத்துல இருந்தவரு எங்க போனாரு?" ஒரு வருஷத்தில் மூன்று பேர் மாறியிருந்தால் காரணம் தெரியாமல் சேராதீர்கள். டீக்கடையில் வைத்துக் கேட்பது நல்லது. முதலாளி பக்கத்தில் நின்றால் உண்மை வராது.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் வீட்டில் பீடி சுற்றும் பெண்கள் தொழிற்சாலை வேலைக்கு மாறும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலியில் கழுத்து வலியும் தோள் வலியும் நிச்சயம். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்திருக்கலாம். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டு, மாதச் சம்பளம் உண்டு, எழுந்திருக்க முடியாது. ஷிப்ட் நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பார் என்பதற்கு ஒரு ஆளின் பெயரைச் சொல்ல முடிந்த பிறகு மாறுங்கள்.

சென்னையா, இங்கேயா

சம்பளத்தை விட்டுவிட்டுக் கையில் மிஞ்சுவதை ஒப்பிடுங்கள். சென்னையில் 25,000, நெல்லையில் 16,000 என்று வைத்துக்கொள்வோம். அங்கே பங்கு வாடகை 6,500, சாப்பாடு 5,500, போக்குவரத்து 1,500, மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்துபோக 1,500. மிஞ்சுவது 10,000. இங்கே வீட்டுக்கு 4,000, பஸ்ஸும் மத்தியானச் சாப்பாடும் 3,500 போக மிஞ்சுவது 8,500. ஒன்பதாயிரமாகத் தெரிந்த வித்தியாசம் ஆயிரத்து ஐந்நூறாகிவிட்டது. உங்கள் தொகைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். அதற்காகச் சென்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கே கற்றுக்கொள்ள முடியாத தொழில் என்றால் அந்த ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் கைத்திறனும் சேரும், அதையும் வரவில் எழுதுங்கள்.

அரசுத் தேர்வு, கல்ஃப், சொந்தக் கடை

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் படிப்பவர்கள் முதலில் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து மூன்று மணி நேரம் முழுசாக உட்கார்ந்து எழுதுங்கள். 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ்ப் பகுதியின் 150-ல் 60 வரவில்லையென்றால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். உங்கள் பிரிவின் கட்-ஆஃபுக்கும் உங்கள் மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துவையுங்கள். ஆறு மாதத்தில் அது சுருங்காவிட்டால் படிக்கும் முறையில் கோளாறு. பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தை விசாரியுங்கள், அது இலவசம். குரூப் 4-ல் தேறினால் கிடைக்கக்கூடிய கிராம நிர்வாக அலுவலர் வேலையின் மோசமான மாதத்தையும் விசாரியுங்கள். 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி ஒன்று வந்தால் முகாம், சேதக் கணக்கு, நிவாரணப் பட்டியல் எல்லாம் அவர் தலையில்தான் விழும்.

வெளிநாட்டு வேலைக்குப் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சும் வேண்டாம்.

சொந்தத் தொழிலில் முடிவெடுக்கும் சுதந்திரம் இருக்கிறது. பலருக்கு மனநிறைவு அதிலிருந்துதான் வருகிறது. கெடுவது பணத்தில். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதமும், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதமும் மானியம் உண்டு. அது கைக்கு வராது. மூன்று வருஷம் வங்கியிலேயே உங்கள் பெயரில் வைப்பாக இருந்து, பிறகு கடனில் கழியும். மானியத்தை நம்பி வட்டிக்கு வாங்கியவர்கள் முதல் வருஷமே தடுமாறுவது இதனால்தான். திட்டம் புதுத் தொழிலுக்கு மட்டும். கடையைத் திறந்துவிட்டு விண்ணப்பித்தால் கிடைக்காது. ஆறு மாத வீட்டுச் செலவை முதலோடு சேர்க்காமல் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள்.

விடுமுன்

நோட்டில் எந்த வேலைக்குக் கூட்டல் அதிகம் விழுந்ததோ அதை வாரத்தில் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துப்புரவுப் பணியாளர்களை ஏமி ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் ஆராய்ந்தபோது, ஒரே வேலையைச் சிலர் சலிப்போடும், சிலர் நோயாளிகளோடு பேசிப் பழகி நிறைவோடும் செய்தது தெரிந்தது. நம்மூர்க் கடையிலும் இது நடக்கும். பில் போட்டுச் சலித்தவர் வாடிக்கையாளர் பக்கம் மாறலாம், பேசிச் சலித்தவர் கணக்குப் பக்கம் வரலாம். மாதக் கடைசியில் போய்க் கேட்காதீர்கள். பத்தாம் தேதிக்கு மேல் முதலாளியும் கொஞ்சம் மூச்சு விடுவார்.

விடுவது என்று முடிவானால், அடுத்த இடத்தின் நியமன உத்தரவு கையில் வந்த பிறகு எழுதிக் கொடுங்கள். பணிவிடுவிப்புக் கடிதத்தையும் அசல் சான்றிதழ்களையும் கடைசி நாளிலேயே வாங்கிவிடுங்கள். பி.எஃப். பணத்தை எடுக்காமல் புது நிறுவனத்துக்கு மாற்றுங்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷப் பணிக்காலம் சேர வேண்டும், எடுத்தால் அது அறுந்துபோகும். பழைய நிறுவனம் வெளியேறிய தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா விழுந்த இரண்டு மாதம் கழித்து உங்கள் பி.எஃப். எண்ணான யு.ஏ.என். கணக்கில் நீங்களே பதிந்துகொள்ளலாம்.