ஃபோமில் செதுக்கி ஃபைபர் ஏற்றுவது: முன் பம்பருக்கு ஒரு லிப்

கடலூர் துறைமுகத்திலும் தேங்காய்த்திட்டிலும் ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடும் அதே மேட் (கண்ணாடி நார் விரிப்பு), அதே பாலியெஸ்டர் ரெசின்தான் காரின் லிப்புக்கும், அதாவது முன் பம்பரின் கீழ் ஓரத்தில் நீட்டிவிடும் விளிம்புக்கும். படகு வேலைச் சாமான் விற்கும் கடையில் கேட்டாலே போதும்.

சறுக்குவது ஃபோமில்தான். டிவி பெட்டியில் வரும் வெள்ளைத் தெர்மாகோலில் பாலியெஸ்டர் ரெசின் பட்டால், ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும். மேலே பிரவுன் டேப் சுற்றினால் தப்பிக்கலாம் என்பார்கள். ஓரத்தில் ஊசித்துளை விட்டாலும் போச்சு. தெர்மாகோல்தான் கைவசம் என்றால் எபாக்சி ரெசினும் நெய்த கண்ணாடித் துணியும் போடுங்கள். இல்லையென்றால் குளிர்பதனக் கிடங்குச் சுவருக்கு வைக்கும் கெட்டி பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் வாங்குங்கள். பாலியெஸ்டர் அதை ஒன்றும் செய்யாது.

1.5 மீட்டர் லிப்புக்கு மடிப்போடு சேர்த்துப் பரப்பு ஏறக்குறைய 0.35 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் மூன்று அடுக்குக்கு அரை கிலோ வேண்டும். ரெசின் மேட் எடையைப்போல் இரண்டரை மடங்கு. சேதாரத்துக்கும் சேர்த்து 2 கிலோ வாங்குங்கள். காய்ந்தபின் தடிமன் 3 மி.மீ. சுமாருக்கு வரும்.

பம்பருக்கு மாஸ்கிங் டேப், அதன்மேல் பிரவுன் டேப், அதன்மேல் வாக்ஸ். ஃபோம் துண்டுகளை டபுள் டேப்பில் ஒட்டி, அக்ஸா பிளேடால் அறுத்து, 40, பிறகு 80 உப்புத்தாளால் உருவம் கொண்டுவாருங்கள். முதலில் ஒரு பாதியை மட்டும் முடியுங்கள். அதன் வளைவுகளை அட்டையில் வெட்டியெடுத்துத் திருப்பிப்போட்டால் மறுபாதி ஒத்துவரும். கண்மதிப்பில் இரண்டு பக்கமும் ஒத்துவராது. கூர்முனை வேண்டாம், 5 மி.மீ.யாவது உருட்டிவிடுங்கள். மேட் கூரான முனையில் மடியாமல் தூக்கிக்கொள்ளும், உள்ளே காற்று நிற்கும். கூர்மை வேண்டுமானால் பின்னால் பட்டியில் எடுக்கலாம்.

கடையில் கோபால்ட் (ரெசின் இறுகுவதை முடுக்கும் திரவம்) ஏற்கெனவே கலந்த ரெசினா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகக் கலப்பதாக இருந்தால் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்). இரண்டும் நேராகச் சேர்ந்தால் வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டைரீன் ஆவிக்குத் துணி மாஸ்க் உதவாது, கரி கேட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும்.

ஒரு தடவைக்கு 250 கிராம் ரெசினுக்கு மேல் கலக்காதீர்கள். காலையில் 4 கிராம் கேட்டலிஸ்ட், மே மாத வெயிலில் 2.5 கிராம். அதற்கும் கீழே போனால் கெட்டியானதுபோல் இருக்கும், உள்ளே வேகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஈரக் காற்றில் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும்.

ஃபோம் ரெசினைக் குடிக்கும் என்பதால் முதலில் டால்க் பவுடர் கலந்த ரெசினை மெல்லப் பூசி இறுக விடுங்கள். மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் அடுத்த துண்டோடு படிந்துவிடும். ரெசின் தடவி, மேட் வைத்து, ஓரிரு நிமிடம் ஊறியதும் பிரஷால் குத்துங்கள், இழுக்காதீர்கள். வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் காற்று. மேட்டை டேப் ஒட்டிய பம்பர்மேல் 3 செ.மீ. ஏற்றிவிட்டால், ஸ்க்ரூ போடும் பட்டை தானாகவே பம்பர் வளைவில் கிடைக்கும். இரண்டு அடுக்கு போட்டு நிறுத்தி, சூடு அடங்கியபின் மூன்றாவது. ஒரே மூச்சில் ஏற்றினால் சூட்டில் முறுக்கிக்கொள்ளும். மிச்ச ரெசினை டப்பாவிலேயே விடாதீர்கள், புகைந்து தீப்பிடிக்கலாம். மணலில் பரப்பிக் கொட்டுங்கள்.

மறுநாள் கழற்றி, ஃபோமைச் சுரண்டி எடுத்து, உள்ளே ஓர் அடுக்கு கொடுங்கள். பெயிண்டுக்கு முன் சில நாள் வெயிலில் கிடக்கட்டும். அவசரப்பட்டால், நிறுத்திவைத்த காரில் பெயிண்டின் மேல் மேட் நார் கோடு கோடாகத் தெரியும். பட்டி 3 மி.மீ.க்குள், கட்டையில் சுற்றிய உப்புத்தாள் 80, 180, பிரைமர், 400.

பாலியெஸ்டரும் பட்டியும் பிளாஸ்டிக் பம்பரில் ஒட்டாது. 20 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ, அகல வாஷர், துளை ஒரு மி.மீ. பெரிதாக. பம்பருக்குக் கீழே 4 செ.மீ.க்கு மேல் இறக்கினால் முதல் வேகத்தடையிலேயே லிப் கையோடு வந்துவிடும்.