தனக்கென எதுவும் வேண்டாத போர்த்துறவிக்குக் குறிக்கோள் தேடுவது எப்படி?

ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பலர் சேர்ந்து ஒரே கதையை எழுதுவதுதான் ரோல்பிளே. அதை எழுத வருபவர்கள் ஆசையோடு தேர்ந்தெடுக்கும் பாத்திரங்களில் போர்த்துறவியும் ஒருவர். மழித்த தலை, கையில் ஒரு தடி, அளந்து பேசும் வாய், சண்டை என்று வந்துவிட்டால் பத்துப் பேரைச் சமாளிக்கும் உடல். தோற்றத்தை ஒரே மூச்சில் எழுதிவிடலாம். பாத்திரக் குறிப்பில் ‘குறிக்கோள்’ என்ற கட்டம் வரும்போதுதான் கை நின்றுவிடும். பணம் வேண்டாம், பதவி வேண்டாம், பழிவாங்கவும் மாட்டார். பிறகு என்னதான் வேண்டும் அவருக்கு? “எளியோரைக் காப்பது” என்று எழுதிவிட்டுப் பலரும் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள்.

எளியோரைக் காப்பது அவருடைய குணம். அதைக் குறிக்கோள் என்று வைத்துக்கொண்டால் மூன்றாவது காட்சியிலேயே தெரிந்துவிடும்: யாருக்காவது ஆபத்து வரும்வரை துறவி மூலையில் கண்மூடி உட்கார்ந்திருப்பார், ஆபத்து வந்ததும் எழுந்து அடிப்பார், மறுபடி உட்கார்ந்துவிடுவார். கதையை நகர்த்துவது எப்போதும் மற்றவர்களின் பாத்திரங்களாகவே இருக்கும்.

தன்னலம் இல்லாதவர் என்பதை விருப்பமே இல்லாதவர் என்று நாமாகப் படித்துக்கொள்வதால் வரும் சிக்கல் இது. அவருக்கு வேண்டியது பிறருக்கானது, அவ்வளவுதான். அதற்காக அவர் படும் தவிப்பு, அரியணைக்கு அலைபவனின் தவிப்புக்கு ஒரு துளியும் குறைய வேண்டியதில்லை. அந்தத் தவிப்பைக் கண்டுபிடிக்கும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: துறக்க முடியாததைக் கண்டுபிடியுங்கள்

ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் அவர் விட்டுவந்தவற்றை எழுதுங்கள்: வீடு, சொத்து, இன்னாரின் மகன் என்ற பெயர். இது எளிது. வலப்பக்கம், எவ்வளவு முயன்றும் அவரால் விட முடியாததை எழுதுங்கள். பக்கத்தில் ஒருவர் பசியோடு இருக்கும்போது சோறு இறங்காமல் போவது. எழுதப் படிக்கத் தெரியாதவரைக் கைநாட்டு வைக்கச் சொல்லி ஏமாற்றுபவனைக் கண்டால் தொண்டை வரை வரும் கோபம். வலப்பக்கம் நிறையும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள், ஏனென்றால் குறிக்கோள் அங்கிருந்துதான் முளைக்கும்.

இனி ஒரே துறவியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மலை மடம் ஒன்றில் வளர்ந்தவர். போர் ஓய்ந்த நாட்டில் நடந்து திரிகிறார். போரில் செத்தவர்கள் பெயர் தெரியாமல் மண்ணுக்குள் போனதும், அவர்கள் வீட்டில் இன்னும் யாரோ வாசலைப் பார்த்தபடி இருப்பதும் அவரால் தாங்க முடியாதவை. இதை அவருடைய வலப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். பழைய பாவத்துக்குப் பரிகாரம் தேடுகிறார் என்ற பின்கதை கைக்கு உடனே வரும். கொஞ்சம் பொறுங்கள். பரிகாரக் கதையின் நடுவில் நிற்பது அவருடைய மனநிம்மதி. அவர் காப்பாற்றும் மனிதர்கள் அந்த நிம்மதிக்குக் கருவியாகிவிடுவார்கள். நல்ல கதைதான், ஆனால் அது வேறொருவருடைய கதை. குற்றவுணர்வு இருந்தே தீர வேண்டும் என்றால் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: அந்தப் பாவத்தை அவர் செய்யாமலே இருந்திருந்தாலும் இந்த வேலையைச் செய்வாரா? செய்வார் என்றால் தொடருங்கள்.

இரண்டாம் படி: கைக்கு எட்டும் அளவுக்குச் சுருக்குங்கள்

உலக அமைதியை ஒரு காட்சியில் எழுதிக் காட்ட முடியாது. ஒரு கணவாயை எழுதலாம், ஒரு சிறுமியை எழுதலாம்.

கொரியத் துறவி யூஜொங்கின் வாழ்க்கை இதற்கு நல்ல பாடம். 1592-இல் ஜப்பானியப் படைகள் கொரியாவுக்குள் புகுந்தபோது துறவிகளைப் படையாகத் திரட்டிப் போரிட்டவர் அவர். 1598-இல் போர் முடிந்தது. பெரும்பாலான கதைகள் போர்வீரனை அந்த இடத்தில் விட்டுவிடும். யூஜொங்கோ 1604-இல் தூதராக ஜப்பானுக்குப் புறப்பட்டார், மறு ஆண்டு அந்நாட்டின் தலைவர் தொகுகாவா இயெயாசுவைச் சந்தித்தார், போரில் பிடித்துச் செல்லப்பட்ட தம் நாட்டு மக்களில் பலரை மீட்டுக்கொண்டு திரும்பினார். போரைத் தொடங்கிய நாட்டுக்கே போய், அதன் தலைவரோடு பேசி, ஆட்களை வீட்டுக்கு அழைத்து வருவது. இதில் தமக்கென்று அவர் கேட்டது ஒன்றும் இல்லை. ஆனாலும் யாருக்காக, எங்கே, எது நடந்தால் வேலை முடிந்தது என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது.

உங்கள் பாத்திரத்துக்கும் இவற்றைக் கேளுங்கள். யாருக்காக? எப்போதைக்குள்? முடிந்ததா இல்லையா என்பதை ஒரு காட்சியில் கண்ணால் காட்ட முடியுமா? முடியாமல் போனால் இழப்பு யாருக்கு? கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். தோற்க வழியில்லாத குறிக்கோளைப் படிப்பவர் யாரும் கவலையோடு பின்தொடர மாட்டார்கள்.

நம் துறவிக்கு விடை இப்படி வருகிறது: கணவாயில் ஒரே குழியில் புதைக்கப்பட்ட நாற்பது பேரின் பெயர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், பனி விழுந்து பாதை அடைபடுவதற்குள் அவரவர் வீட்டுக்குச் சேதி கொண்டுபோக வேண்டும். பாதை அடைபட்டுவிட்டால் அந்தக் குடும்பங்கள் இன்னொரு குளிர்காலம் முழுக்கக் காத்திருக்கும்.

மூன்றாம் படி: கைவலிமை மட்டும் போதாத வேலையாக இருக்கட்டும்

அடித்துத் தீர்க்க முடிகிற வேலை என்றால் அதற்குத் துறவி தேவையில்லை, ஒரு நல்ல வீரனே போதும். நாற்பது பெயர்களை அடித்துப் பெற முடியாது. தப்பிப் பிழைத்த வீரனிடம் பேச வேண்டும். அவன் நினைக்க விரும்பாததை நினைக்கச் சொல்ல வேண்டும். குழியைத் தோண்டி மோதிரங்களைத் திருடும் கும்பலை எதிர்க்கத் தடி வேண்டும்தான். கும்பல் ஓடிய பிறகு அந்த மோதிரங்களைக் கையில் வைத்துக்கொண்டு எது யாருடையது என்று விசாரிக்க அவருக்குள் இருக்கும் மறுபாதியான துறவி வேண்டும்.

வரலாற்றிலும் இந்த இரண்டு பாதிகளும் ஒன்றாக இருந்திருக்கின்றன. எருசலேமில் 11-ஆம் நூற்றாண்டில் யாத்திரிகர்களுக்கான மருத்துவமனையாகத் தொடங்கியது ஹாஸ்பிட்டலர் என்ற கிறிஸ்தவத் துறவற சபை. 1113-இல் போப்பாண்டவரின் ஏற்பு கிடைத்தது. ஆயுதம் ஏந்தியது அதன் பிறகுதான். தங்கள் நோயாளிகளை அவர்கள் பிரபுக்கள் என்றே அழைத்தார்கள். போர்க்களத்திலிருந்து திரும்பி வந்து நோயாளியின் புண்ணைக் கழுவும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். இரண்டு வேலையும் ஒரே கைக்கு எப்படிப் பழகியது என்று எழுதத் தொடங்கினாலே பாத்திரம் உயிர் பெற்றுவிடும்.

நான்காம் படி: விரதமும் குறிக்கோளும் முட்டிக்கொள்ளட்டும்

எனக்கு மிகவும் பிடித்த படி இது, கொஞ்சம் நின்று செய்யுங்கள்.

பௌத்தத்தின் முதல் சீலமே உயிரைக் கொல்லாமை. யூஜொங்கின் குரு ஹியூஜொங் அந்தச் சீலத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர். 1592-இல், எழுபது வயதைத் தாண்டிய நிலையில், அரசரின் அழைப்பை ஏற்றுத் துறவிகளை ஆயுதம் எடுக்கச் சொன்னார். அந்த முடிவை எடுத்த இரவில் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், நம் பாத்திரத்துக்கு என்ன குறைகிறது என்பது விளங்கும். விரதம் அலங்காரமாக நின்றுவிடக் கூடாது, அதற்கு விலை இருக்க வேண்டும்.

அதற்கு, விரதங்களைக் கண்ணுக்குத் தெரியும் செயல்களாக எழுதுங்கள். ‘தூய வாழ்வு வாழ்வார்’ என்று எழுதினால் காட்சியில் எதுவும் நடக்காது. ‘பொய் சொல்ல மாட்டார்’, ‘அடைக்கலம் கேட்டவரைத் திருப்பி அனுப்ப மாட்டார்’ என்று எழுதிப் பாருங்கள். இரண்டு அல்லது மூன்று போதும். பிறகு, குறிக்கோளை அடைய வேண்டுமானால் இதில் ஒன்றை உடைத்தே ஆக வேண்டும் என்று ஒரு சூழலை உண்டாக்குங்கள்.

நம் துறவி பொய் சொல்லாதவர். நாற்பது பேரில் ஒருவன் சண்டையில் சாகவில்லை. ஓட முயன்றபோது சொந்தப் படையே அவனைக் கொன்றது. அவன் தாய் வாசலில் நின்று கேட்கிறாள்: “என் பிள்ளை எப்படிப் போனான், சாமி?” அவளுக்கு ஆறுதல் கொண்டுபோகத்தான் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் ஆறுதல் இல்லை, ஆறுதல் சொன்னால் விரதம் இல்லை. விடையை இப்போதே முடிவு செய்யாதீர்கள். காட்சி வரும்போது, உடன் எழுதுபவரின் பாத்திரம் பக்கத்தில் நிற்கும்போது, அது தானாக வெளிப்படட்டும்.

ஐந்தாம் படி: மடம் என்ன சொல்கிறது?

துறவிக்குப் பின்னால் ஒரு மடம் இருந்தால், மடத்தின் விருப்பமும் மக்களின் தேவையும் எங்கே பிரிகின்றன என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஜப்பானின் ஹியெய் மலையில் இருந்த என்ரியாகு ஆலயத்தின் போர்த்துறவிகள் பெரும்பாலும் ஆலயத்தின் செல்வாக்குக்காகவே சண்டையிட்டார்கள். 1571-இல் போர்த்தலைவர் ஓடா நோபுனாகா அந்த மலையையே எரித்தார். அப்படிப்பட்ட இடத்தில் தன்னலமற்ற ஒருவர் இருந்தால் யாருக்குக் கீழ்ப்படிவார்? நம் கதையில் மடாதிபதி எதிரிப் படையினரின் பெயர்களைத் தேடக் கூடாது என்கிறார். குழியிலோ இரு தரப்பாரும் கலந்து கிடக்கிறார்கள்.

ஆறாம் படி: மற்றவர்களுக்கு இடம் விடுங்கள்

ரோல்பிளே தனியாக எழுதும் நாவல் அல்ல என்பதால், குறிக்கோள் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் மற்றவர்களுக்கு அதில் வேலை இல்லையென்றால் பயனில்லை. நம் துறவிக்கு எழுத்து படிக்கத் தெரியாது என்று வையுங்கள். உடனே குழுவில் உள்ள எழுத்தருக்கு வேலை வந்துவிடும். திருட்டு நகை யார் கைக்குப் போகும் என்பது குழுவின் திருடனுக்குத்தான் தெரியும். துறவி உதவி கேட்க வேண்டும். கேட்பதற்குத் தயங்கும் துறவியைப் புதியவர்கள் விரும்பி எழுதுகிறார்கள், ஆனால் வாங்கிக்கொள்ளவே தெரியாதவரிடம் ஒளிந்திருப்பது பெருமிதம்தான் என்று நான் நினைக்கிறேன். அதையும் ஒரு குறையாகப் பயன்படுத்தலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். உபதேசம் செய்யாதீர்கள். திருடன் எதையோ திருடிய மறு நொடியே துறவி நீதி பேசினால், அந்தத் திருடனை எழுதுபவர் அடுத்த முறை துறவி இல்லாத காட்சிக்குப் போய்விடுவார். மற்றவர் பாத்திரத்தின் மனதையும் நீங்களே மாற்றி எழுதாதீர்கள். இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்:

“துறவியின் சொற்களைக் கேட்டுத் திருடன் தலைகுனிந்தான். மோதிரத்தை நீட்டினான்.”

“துறவி மோதிரத்தைக் கேட்கவில்லை. அதன் உட்புறத்தில் இருந்த கீறலைக் காட்டினார். ‘இது என்ன எழுத்து? எனக்குப் படிக்கத் தெரியாது’ என்றார்.”

முதலாவதில் திருடனை எழுதுபவருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. இரண்டாவதில் அவர் படித்துச் சொல்லலாம், பொய்யாகப் படிக்கலாம், மோதிரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம். எதைச் செய்தாலும் கதை நகரும்.

ஏழாம் படி: முதல் காட்சியை வேலையின் நடுவில் தொடங்குங்கள்

குறிக்கோள் கிடைத்துவிட்டது என்றதும் அதை விளக்கி நான்கு பத்தி எழுதத் தோன்றும். வேண்டாம். தியானத்தில் இருப்பதுபோலவும் தொடங்க வேண்டாம். கண்மூடி இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்க மற்ற பாத்திரங்களுக்குக் காரணம் கிடைக்காது. நம் துறவி ஒரு சத்திரத்துக்குள் நுழைகிறார். அங்கே உட்கார்ந்திருக்கும் அந்நியரின் முன்னால் ஒரு துணி மூட்டையை அவிழ்த்து, துருப்பிடித்த பித்தான்களையும் ஒரு மரச் சீப்பையும் பரப்புகிறார். “இதில் ஏதாவது உங்களுக்குத் தெரிந்தவருடையதா?” என்று கேட்கிறார். அந்த இடத்தில் உங்கள் பதிவை நிறுத்திவிட்டு, பதிலை உடன் எழுதுபவரிடம் விடுங்கள்.