ஷெல் ஸ்கிரிப்ட் மூலம் சர்வரின் நெட்வொர்க் இடைமுகத்தை அமைத்தல்

லினக்ஸ் சர்வரின் நெட்வொர்க் இடைமுகத்தை (சர்வரை வலையமைப்போடு இணைக்கும் பகுதியை) அமைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்பு), எத்தனை முறை இயக்கினாலும் ஒரே விளைவைத் தர வேண்டும். இடைமுகத்தின் பெயர், ஐபி முகவரி, கேட்வே (பிற வலையமைப்புகளுக்கு வாயிலாக உள்ள ரவுட்டரின் முகவரி) ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே மாறிகளாக எழுதிக்கொள்ளுங்கள். ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லையெனில் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடட்டும்.

முகவரியை அமைக்கும் ‘ஐபி’ (ip) கட்டளையில் ‘ஆட்’ (add) என்று எழுதினால், இரண்டாம் முறை இயக்கும்போது முகவரி ஏற்கெனவே இருப்பதாகப் பிழை வரும். ‘ரீபிளேஸ்’ (replace) என்று எழுதினால் அந்தச் சிக்கல் எழாது. முகவரியை 192.168.10.5/24 என்பதுபோல முன்னொட்டு நீளத்துடன் (முகவரியின் எத்தனை பிட்டுகள் வலையமைப்பைக் குறிக்கின்றன என்ற எண்ணுடன்) எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் /32 (அந்த ஒரே முகவரி மட்டும்) என்றே கொள்ளப்படும், கேட்வேயை எட்ட வழியிருக்காது. இடைமுகத்தை இயக்கிய பிறகே இயல்புநிலை வழியை (வேறு வழி குறிப்பிடாத தரவெல்லாம் கேட்வே மூலம் செல்லும் பாதையை) சேர்க்க வேண்டும்.

எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை உள்நுழைவு முறை) வழியாகத் தொலைவிலிருந்து மாற்றுவதாக இருந்தால், 120 விநாடி கழித்துப் பழைய அமைப்பை மீட்கும் கட்டளையை, இணைப்பு அறுந்தாலும் நிற்காதபடி ‘நோஹப்’ (nohup) கொண்டு பின்னணியில் முன்கூட்டியே ஓடவிட்டு, புதிய முகவரியில் உள்நுழைந்த பின் அதை நிறுத்துங்கள். அமைப்பில் தவறு நேர்ந்தால் சர்வருக்குள் நுழைய முடியாமல் போகலாம் என்பதால், இந்த ஒரு படியை மட்டும் ஒருநாளும் தவிர்க்க வேண்டாம்.

‘ஐபி’ கட்டளையின் மாற்றங்கள் மறுதொடக்கத்தில் மறைந்துவிடும் என்பதால், சரிபார்த்த பின் அவற்றை நெட்பிளான் போன்ற கருவியின் அமைவுக் கோப்பிலும் எழுதிவையுங்கள்.