சமையலறையில் ஒரு பிடி அரிசி

விசுவாசத்தை அன்றாட வாழ்வில் கடைப்பிடிக்க விரும்பும் குடும்பங்களுக்கு, நம் சபைகளில் முந்தைய தலைமுறைப் பெண்கள் கைக்கொண்ட பிடியரிசி வழக்கத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். சோற்றுக்கு அரிசியை அளந்தெடுத்தவுடன், களைவதற்கு முன்பே, அதிலிருந்து ஒரு பிடியைத் தனி டப்பாவில் போட்டு, அந்த நேரத்தில் தேவையோடிருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும். அளந்ததிலிருந்தே எடுப்பது முக்கியம். மிச்சத்திலிருந்து கொடுப்பதற்கும் நம் பங்கிலிருந்து கொடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. சாறிபாத் ஊர் விதவையிடம் எலியா தீர்க்கதரிசி அப்பம் கேட்டபோது, அவளிடம் பானையில் ஒரு பிடி மாவுதான் இருந்தது; அதிலிருந்தே அவள் கொடுத்தாள் (1 இராஜாக்கள் 17). மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910 முதல் பெண்கள் இவ்வாறு சேர்த்துவரும் அரிசி விற்கப்பட்டு, அந்தப் பணம் ஊழியங்களைத் தாங்குகிறது.

நாளுக்கு ஒரு பிடி என்றாலும் மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் சேர்ந்துவிடும். வண்டு வராதிருக்க இரண்டு காய்ந்த மிளகாயைப் போட்டு, மூடியை இறுக்கி வைத்து, மாத இறுதியில் டப்பாவைக் காலி செய்துவிடுங்கள். சபைக்குக் கொடுக்கலாம், ஆனால் தெருவிலேயே வேலையிழந்த வீடு ஒன்று இருந்தால், அங்கே கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கொடுக்கும்போது, நாம் வழக்கமாக உண்ணும் அதே தரமான அரிசியாக இருக்கட்டும். படம் எடுக்க வேண்டாம், பிறரிடம் சொல்லவும் வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில், அந்தப் பிடியை அள்ளும் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.