வடசென்னையில் செய்தி சேகரிக்கும் புதிய வானொலிச் செய்தியாளருக்கு

இந்தியாவில் தனியார் பண்பலைகளுக்கும் சமுதாய வானொலிகளுக்கும் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லாததால், வானொலிச் செய்தி என்பது ஆகாசவாணியின் பொறுப்பாகவே இருக்கிறது. எண்ணூரிலோ வியாசர்பாடியிலோ நடப்பதை நீங்கள் பதிவு செய்யாமல் விட்டால், வேறொரு வானொலி அதைச் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது.

வடசென்னைக்குச் செய்தியாளர்கள் பெரும்பாலும் வெள்ளத்துக்கோ விபத்துக்கோதான் வருகிறார்கள். ஆகவே, ஒன்றும் நடக்காத நாட்களில் செல்லுங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவதென்றால் விடிவதற்கு முன் மீன் ஏலம் நடக்கும் நேரமே சரியானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஆனால் வலை பழுதுபார்ப்பதையும் வருமானம் இல்லாத மாதங்களைக் குடும்பங்கள் சமாளிப்பதையும் கேட்டறிய அதுவே ஏற்ற காலம். அப்போது அறிமுகமாகும் மீனவர் சங்கத்தாரும் வலை பின்னுபவர்களும்தான், பிறகு ஒரு நள்ளிரவில் உங்கள் அழைப்பை எடுப்பார்கள்.

ஒலிப்பதிவில் கடற்காற்றே முதல் எதிரி. மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் அதைப் பிடியுங்கள். ஹெட்போனைக் கழற்றவே கூடாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி கடக்கும்போது எந்தச் சொல் விழுங்கப்பட்டது என்பது ஹெட்போனில்தான் தெரியும், உடனே அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மீண்டும் சொல்லக் கேட்கலாம். பேட்டி முடிந்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இடத்தின் ஒலியைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஏலக்காரரின் விலைக்குரல், ஐஸ் உடைக்கும் சத்தம், படகு இன்ஜின் ஆகியவற்றையும் தனித்தனியே எடுத்து வைத்தால், தொகுக்கும்போது உங்கள் வர்ணனையில் பாதி தேவைப்படாது.

பேட்டியில் "எப்படி உணர்கிறீர்கள்?" என்று தொடங்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தபோது, அங்குள்ள மீனவரிடம் கேட்கத் தகுந்தவை, வலையைக் கழுவ முடிந்ததா, இறாலை வாங்க வியாபாரி வந்தாரா, தோலில் அரிப்பு வந்ததா என்பன போன்ற கேள்விகளே. பதில்கள் அவருடைய பேச்சுவழக்கிலேயே ஒலிபரப்பாகட்டும். அதை யாரும் திருத்தத் தேவையில்லை.

அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. அத்தகைய இரவில் வாட்ஸ்அப்பில் வரும் எதையும் நேரடியாக வாசிக்கக் கூடாது. எந்தத் தெருவில் நெடி வீசுகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மக்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள், எந்த மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்பவற்றை அங்கிருப்பவரிடமும் அதிகாரியிடமும் தனித்தனியாகக் கேட்டு, உறுதியானதை மட்டும், அது உறுதியான நேரத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். பாலியல் குற்றத்துக்கு உள்ளானவர், வழக்கில் சிக்கிய சிறார் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். வானொலியில் பெயரை விட்டால் மட்டும் போதாது, அவர்களின் குரலும் தெருவின் பெயருமே அடையாளம் காட்டிவிடும்.

எழுதும்போது ஒரு வாக்கியத்தில் ஓர் எண்ணுக்கு மேல் வேண்டாம். கேட்பவரால் திரும்பிப் படித்துப் பார்க்க முடியாது. பதவியை முதலிலும் பெயரைப் பிறகும் சொல்லுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படித்து, மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள்.

புகாரை உரிய இடத்தில் கேட்பதும் முக்கியம். மழைநீர் வடிகாலுக்கு மாநகராட்சி, கழிவுநீருக்குச் சென்னைக் குடிநீர் வாரியம், ஆலைப் புகைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று பொறுப்புகள் பிரிந்திருப்பதால், தவறான அலுவலகம் கைவிரித்தால் அதையே பதிலாக ஒலிபரப்பிவிடாதீர்கள். வாய்மொழியாகப் பதில் கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடுங்கள்; பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், அந்தத் தேதியை அன்றே நாட்குறிப்பில் எழுதிவைத்து, பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதைத் தொடர்செய்தியாகக் கொடுங்கள்.