குழந்தையின் முறை வரட்டும்: ஒன்று முதல் ஐந்து வயது வரை பேச்சு வளர்க்கும் வழிகள்

குழந்தையிடம் நிறையப் பேச வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. நாள் முழுக்கப் பெரியவர்களே பேசிக்கொண்டிருந்தால் குழந்தை எப்போது வாய் திறக்கும்? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2018-ல் வெளிவந்தது. குழந்தையின் காதில் எத்தனை சொற்கள் விழுந்தன என்பதைவிட, பெரியவரும் குழந்தையும் எத்தனை தடவை மாறி மாறிப் பேசினார்கள் என்பதுதான் மூளையின் மொழிப் பகுதி இயங்கும் விதத்தோடு நெருக்கமாகப் பொருந்தியது. ஆகவே கீழே வரும் எல்லாவற்றுக்கும் குறி ஒன்றுதான்: குழந்தையின் முறை வர வேண்டும், வந்தது வீணாகக் கூடாது.

முறை என்றால் வாய்ப்பேச்சு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பத்து மாதக் குழந்தைக்குப் பார்வையும் “ஊ” என்ற சத்தமும் ஒரு முறை. விரல் நீட்டிக் காட்டுவதும் ஒரு முறை. அதற்கு நீங்கள் பதில் சொன்னால் உரையாடல் தொடங்கிவிட்டது.

குழந்தை பார்ப்பதற்குப் பெயர் சொல்லுங்கள்

குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்கி, முகம் தெரியும்படி எதிரே உட்காருங்கள். பிறகு அது எதைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் “இங்க பாரு, இது என்ன கலர்?” என்று வேறு பொம்மையை நீட்டினால், குழந்தையின் கவனம் ஒரு பக்கம், உங்கள் சொல் இன்னொரு பக்கம். சொல் ஒட்டாது. “மூடி! மூடியைத் திருகுற. அப்பா, இறுக்கமா இருக்கே” என்றால், கையில் இருக்கும் பொருளோடும் கை செய்யும் வேலையோடும் சொல் சேர்ந்துகொள்ளும். சின்னக் குழந்தைகள், தாம் ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருக்கும் பொருளின் பெயரை எளிதாகக் கற்கிறார்கள். கவனத்தைத் திருப்பிச் சொல்லித்தரும் பெயர் அவ்வளவு எளிதில் பதிவதில்லை.

குரலை ஏற்றி, இழுத்து, ராகமாகப் பேசுவது நல்லது. குழந்தையின் காது அதை விரும்பிக் கேட்கும். ஆனால் சொல்லைச் சிதைக்க வேண்டாம். குழந்தை மழையை “மயை” என்றால் அது அழகுதான். நீங்களும் “மயை” என்றால், சரியான ஒலியை அது எங்கே கேட்கும்?

மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள்

மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர், கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் பதிவு செய்தார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன. பள்ளி மாணவர்களுக்கே அப்படி என்றால், இரண்டு வயதுக் குழந்தைக்கு இன்னும் நேரம் வேண்டும். கேட்டதைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடி, நாக்கை அசைக்க வேண்டுமே.

ஒன்றைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு, புருவத்தை உயர்த்தி, சற்று முன்னால் சாய்ந்து காத்திருங்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள்; பேச்சு தாமதமான குழந்தை என்றால் பத்து வரை. இது வழக்கமாக மூன்று விதத்தில் கெட்டுப்போகும். ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்டுவிடுகிறோம். அல்லது பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். அல்லது அக்காவோ பாட்டியோ குழந்தைக்காகப் பேசிவிடுகிறார்கள். மூன்றாவதுதான் அதிகம். “அவன் சொல்றதைக் கேப்போம்” என்று தன்மையாகச் சொல்லித் தடுங்கள்.

குழந்தை சொன்னதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள்

நாள் பூராவும் கடைப்பிடிக்க ஒரே ஒரு உத்தி போதும் என்றால், இதைத்தான் பரிந்துரைப்போம். குழந்தை சொன்னதை எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு சொல் மட்டும் கூட்டிச் சொல்வது. “பந்து” என்றால் “பந்து உருளுது”. “நாய் போச்சு” என்றால் “ஆமா, நாய் வெளிய ஓடிப் போச்சு”. ஒரு சொல் பேசும் குழந்தைக்குப் பத்துச் சொல் வாக்கியத்தைத் திருப்பிக் கொடுத்தால், எது புதிது என்று அதற்குத் தெரியாது.

தமிழில் இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. சிறு குழந்தைகள் உருபுகளை விட்டுவிட்டுப் பேசுவார்கள்: “அம்மா சட்டை”, “மேசை கீழ”. “ஆமா, அம்மாவோட சட்டை”, “மேசைக்குக் கீழ இருக்கு” என்று இயல்பாகத் திருப்பிச் சொல்லும்போது, விடுபட்ட துண்டு சரியான இடத்தில் காதில் விழுகிறது. அந்தத் துண்டைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள். திருப்பிச் சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். “மயை” என்ற குழந்தையிடம் “மழைன்னு சொல்லு, ம-ழை” என்றால் பேச்சு அங்கேயே நின்று பரீட்சை தொடங்கிவிடும். “ஆமா, மழை! மழை கொட்டுது” என்றால் மழையைப் பற்றிய பேச்சு தொடரும். ர, ற, ழ போன்ற ஒலிகள் பிந்தித்தான் கைகூடும், அவசரம் வேண்டாம்.

கேள்விகளைக் குறையுங்கள்

“இது என்ன? அது என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்?” இவையெல்லாம் பதில் தெரிந்துகொண்டே கேட்கும் கேள்விகள். குழந்தைக்கும் அது தெரியும். ஒரு கேள்விக்கு மூன்று நான்கு கூற்றுகள் என்ற அளவில் பேசிப் பாருங்கள். “இந்த வண்டிக்கு ஒரு சக்கரம் இல்லையே” என்று சும்மா சொல்லிவிட்டுக் காத்திருந்தால், கேள்வியைவிட நீளமான பதில் பல நேரம் வரும்.

கேட்பதானால் வயதுக்கு ஏற்பக் கேளுங்கள். இரண்டு வயதுக்குத் தேர்வு தரும் கேள்வி நன்றாக வேலை செய்யும்: “சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா?” பதில் சொல் கேள்வியிலேயே இருக்கிறது. மூன்று வயதுக்கு “அப்புறம் என்ன ஆச்சு?”. “ஏன்”, “எப்படி” எல்லாம் அதற்குப் பிறகே சரளமாகும். பள்ளியிலிருந்து வந்ததும் “இன்னிக்கு என்ன பண்ணின?” என்றால் “ஒண்ணுமில்ல” என்பதுதான் பதில், கேள்வி அவ்வளவு அகலம். கண்ணில் படும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்: “முட்டியெல்லாம் மண்ணா இருக்கே!”

ஒரு பேசின் தண்ணீர்

பெயர்ச்சொற்கள் எப்படியும் வந்துவிடும். வாக்கியத்தைத் தாங்குவது வினைச்சொல். வினைச்சொல் கற்க, செயலைக் கண்ணால் பார்த்துக் கையால் செய்ய வேண்டும். அதற்குத் தண்ணீர் விளையாட்டுக்கு இணை இல்லை.

அகலமான பேசினில் நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர், அளவு வேறுபட்ட இரண்டு கிண்ணங்கள், அடியில் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் பாட்டில், ஒரு வடிகட்டி, ஒரு பஞ்சுத் துண்டு, மிதப்பது ஒன்று, மூழ்குவது ஒன்று. பொருள்கள் எதுவும் வாய்க்குள் போகும் அளவுக்குச் சிறிதாக இருக்கக் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் இருந்தே ஆக வேண்டும்; சில சென்டிமீட்டர் தண்ணீரிலும் சிறு குழந்தை மூழ்கலாம். முடிந்த கையோடு தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பதினைந்து நிமிடம் தாராளம்.

முதல் இரண்டு நிமிடம் பேசாமல் பாருங்கள். பிறகு குழந்தை செய்வதைச் சொல்லுங்கள். ஊத்துற, நிரம்புது, வழியுது, சொட்டுது, தெறிக்குது, சிந்திடுச்சு, மிதக்குது, முழுகிடுச்சு, பிழியுற, உறிஞ்சுது. ஒரே பேசினில் பத்து வினைச்சொற்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். மூன்று நான்கை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் பல தடவை, செயல் நடக்கும் அந்த நொடியில் சொல்லுங்கள். கிண்ணம் நிரம்பும்போது “நிரம்புது”, குழந்தை அதை நிரப்பும்போது “நீ நிரப்புற”. தானாக நடப்பதற்கும் ஒருவர் செய்வதற்கும் உள்ள இந்த வேறுபாடு தமிழ் வினைகளில் நிறைய உண்டு: உருளுது–உருட்டுற, உடைஞ்சுது–உடைச்சான். விளையாட்டில் இரண்டும் அடுத்தடுத்துக் கிடைக்கும்.

அதே சொல் மறுநாள் வேறு இடத்திலும் வர வேண்டும். குழாய் சொட்டும்போதும், நனைந்த துணி சொட்டும்போதும் “சொட்டுது” என்று கேட்டால்தான், அது பாட்டிலுக்கு மட்டும் உரிய சொல் அல்ல என்று குழந்தைக்குப் புரியும்.

படப்புத்தகம்: வாசிப்பதைவிடப் பேசுவது

குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்பவரின் குழு 1988-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோர் ஒரு மாதம் புத்தகத்தை வேறு விதமாக வாசித்தார்கள்: தாங்கள் வாசிப்பதைக் குறைத்து, குழந்தையைச் சொல்ல வைத்தார்கள். வழக்கம்போல வாசித்த வீட்டுக் குழந்தைகளைவிட இவர்கள் பேச்சுச் சோதனைகளில் முன்னே நின்றார்கள்.

செய்முறை எளிது. முதல் தடவை கதையைத் தடையில்லாமல் சொல்லிவிடுங்கள். இரண்டாம் தடவை, இரண்டு பக்கத்துக்கு ஒரு இடத்தில் நிறுத்தி ஒன்று கேளுங்கள். குழந்தை சொன்னதை ஏற்றுக்கொண்டு கொஞ்சம் கூட்டுங்கள். விருப்பமிருந்தால் அது திரும்பச் சொல்லட்டும். மூன்றாம் நான்காம் தடவையில் புத்தகம் குழந்தையின் கையில். கதை சொல்வது அது, கேட்பது நீங்கள். பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டால் கதை செத்துவிடும். பத்து நிமிடத்துக்குமேல் இழுக்க வேண்டாம். அதே புத்தகத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறதா? மிக நல்லது. கதை தெரிந்துவிட்ட பிறகுதான் சொற்களைக் கவனிக்க அதற்கு நேரம் கிடைக்கிறது.

தமிழ்ப் புத்தகத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டில் “போச்சு”, “வந்துச்சு”. புத்தகத்தில் “சென்றது”, “வந்தது”. இரண்டரை வயதுக் குழந்தை திடீரென முகம் திருப்பிக்கொண்டால் கதை பிடிக்காமல் அல்ல, மொழி அந்நியமாக இருப்பதால் இருக்கலாம். முதலில் படத்தைக் காட்டிப் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள்: “யானை குளத்துக்குப் போச்சு”. கதை பழகியதும், அச்சில் உள்ள வரியையும் விரல் வைத்து வாசியுங்கள்: “யானை குளத்திற்குச் சென்றது”. இரண்டும் ஒரே யானை, ஒரே குளம் என்பதால் குழந்தை தானே இணைத்துக்கொள்ளும். எழுத்துத் தமிழைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட வேண்டாம். காதில் பழகாத தமிழைப் பின்னால் வாசிக்கக் கற்பது இரட்டைச் சுமை.

மூன்று வயதுக்கு மேல்

பாசாங்கு விளையாட்டில் குழந்தைதான் இயக்குநர். “நான் யாரு? டாக்டரா, நோயாளியா?” என்று கேட்டு, கொடுத்த வேடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். நடந்ததைக் கோவையாகச் சொல்லப் பழக, ஒரே நாளில் எடுத்த மூன்று புகைப்படங்கள் போதும்: முதல்ல, அப்புறம், கடைசியா.

நான்கு வயதில் ஒலி விளையாட்டைத் தொடங்கலாம். சொல்லைக் கைதட்டிப் பிரியுங்கள்: பூ என்றால் ஒரு தட்டு, பந்-து இரண்டு, பம்-ப-ரம் மூன்று. பிறகு “ம”வில் தொடங்கும் பொருள்களை அறைக்குள் தேடலாம். கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டு ஐந்து வயதுக்குப் பொருந்தும். அதற்கு முன்னால் திணறுவார்கள்.

திரையும் இரண்டாம் மொழியும்

பாட்ரிசியா கூல் என்ற மொழி ஆய்வாளரின் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் சீன மொழி பேசும் ஒருவரோடு 12 அமர்வுகள் நேரில் இருந்தபோது அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதையே வீடியோவில் பார்த்தவர்கள் கற்கவில்லை. திரை குழந்தையின் முறைக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. யாரும் பார்க்காமல் ஓடும் டி.வி.யையும் அணையுங்கள், அது ஓடும்போது வீட்டில் பேச்சு குறைகிறது.

இரண்டு மொழி கேட்டு வளரும் குழந்தை இரண்டையும் கலந்து பேசுவது இயல்பு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. தாமதம் என்று கவலைப்பட்டு வீட்டு மொழியை நிறுத்த வேண்டாம். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியிலேயே பேசுங்கள். சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள்.

எப்போது காட்ட வேண்டும்

12 மாதத்தில் மழலை ஒலிகளும் கைச்சைகைகளும் இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 2 வயதில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். வந்த சொற்கள் மறைந்துபோனால் எந்த வயதானாலும் உடனே. “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று காத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை.

இரண்டு முதல் நான்கு வயதுக்குள் “நா-நா-நான்” என்று திக்குவது பல குழந்தைகளிடம் வந்து போகும். “மெதுவா சொல்லு” என்பது உதவாது. நீங்கள் மெதுவாகப் பேசுங்கள், முடிக்கும்வரை கேளுங்கள். ஆறு மாதத்துக்குமேல் நீடித்தாலோ, குழந்தை முகம் இறுகித் தவித்தாலோ பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

முதல் சோதனை காதுக்கு. பிறந்தபோது கேட்கும் திறன் சோதனையில் தேறியிருந்தாலும் செய்யுங்கள். சளிக்குப் பிறகு நடுக்காதில் நீர் தங்கினால் பேச்சொலிகள் மங்கிக் கேட்கும். போகும்போது இரண்டு எடுத்துச் செல்லுங்கள். ஒன்று, வீட்டில் விளையாடும்போது போனில் எடுத்த ஐந்து நிமிட வீடியோ, ஏனென்றால் புது இடத்தில் குழந்தை வாயே திறக்காமல் போகலாம். இன்னொன்று, அது சொல்லும் சொற்களின் பட்டியல். நாய்க்கு எப்போதும் “பௌ” என்கிறதா? அதையும் ஒரு சொல்லாகவே எழுதுங்கள்.